கரண்ட் போனாலும் அடித்த மணி

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். சாயங்காலம் காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தபோது எங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்த மரங்கள் மூன்றுதான். கரண்ட் மதியமே போயிருந்தது. ராத்திரிக்குள் செல்போனில் சிக்னலும் போனது. டவர் அடியில் இருக்கும் பேட்டரி எத்தனை மணி நேரம்தான் தாங்கும்? மறுநாள் காலை எங்கள் வீட்டு ஹாலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். மாடி வீட்டுப் பெரியவர் பெங்களூரு மகளிடம் பேச வேண்டும். பின் தெருப் பெண்ணுக்குப் பிரசவத் தேதி நெருங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தூசு படிந்து கிடந்த எங்கள் லேண்ட்லைன் போனை எடுத்துக் காதில் வைத்ததும் ‘கொய்ங்’ என்றது. நான்கு நாள் கழித்துக் கரண்ட் வரும்வரை தெருவுக்கே அதுதான் போன்.

தெருவே இருண்டு கிடக்கும்போது இது மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. லேண்ட்லைன் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் அம்மா. பல வருஷம் கழித்து, மயிலாடுதுறை வீட்டில், செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் போட வந்த தம்பியிடம்.

அம்மாவுக்கு வயது 78. தனியாக இருக்கிறார். செல்போன் இருக்கிறது, ஆனால் பழக்கமெல்லாம் லேண்ட்லைன்தான். எண்கள் பெரிதாக இருக்கும், காதுக்கு வாகாக இருக்கும், ஓரிடத்தில் இருக்கும். 04364 என்று தொடங்கும் அந்த நம்பர் என் கல்யாணப் பத்திரிகையில் அச்சானது. ஃபைபருக்கு மாறினாலும் அதே நம்பர் என்றதும்தான் அம்மா சம்மதித்தார்.

அந்தத் தம்பி வேலையில் கெட்டிக்காரர். கறுப்பு டிராப் கேபிளைக் கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார். மேலுறையை உரித்து, தலைமுடிபோல் மெலிந்த ஓர் இழையை வெளியே எடுத்தார். ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூ பேப்பரால் இரண்டு முறை துடைத்தார். சின்னக் கத்திப்பொறியில் வைத்து நுனியை ‘டிக்’ என்று நறுக்கினார். பிறகு டிபன் டப்பா அளவு ஸ்பிளைசிங் மெஷினில் இரண்டு நுனிகளையும் எதிரெதிரே படுக்க வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு சாம்பல் கோடுகள் ஒன்றையொன்று தேடி வந்து நேருக்கு நேர் நின்றன. ஒரு வெள்ளைப் பொறி. இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தக் கண்ணாடி இழையின் மொத்த கனம் 125 மைக்ரான். ஒளி ஓடும் நடுப்பகுதி அதில் 9 மைக்ரான் அளவுதான். அப்புறம் பவர் மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, “மைனஸ் 19 சார், சூப்பரா வருது” என்றார்.

எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “இதுக்குள்ள கம்பியே இல்லையாப்பா?”

“இல்ல பாட்டி, கண்ணாடிதான்.”

“அப்ப கண்ணாடி வழியா கரண்ட் எப்படி வரும்?”

“கரண்ட் வராது பாட்டி. லைட்தான் வரும்.”

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபைபர் பெட்டியைச் சுவரில் மாட்டி, பக்கத்துப் பிளக்கில் அடாப்டரைச் சொருகி, பழைய போனின் ஒயரை ‘டெல்’ என்று எழுதியிருந்த துளையில் செருகிவிட்டுப் போய்விட்டார். பேச்சு பளிச்சென்று கேட்டது. பழைய லைனின் கரகரப்பு துளிகூட இல்லை. அன்று சாயங்காலமே நான் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு ராத்திரி. பதினோரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. பன்னிரண்டு மணி வாக்கில் அம்மாவுக்குத் தலைசுற்றல், வாந்தி. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் போனை எடுத்திருக்கிறார். ஓசை இல்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார். ஓசை இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. கரண்ட் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தது. கூடத்துத் தூணில் சாய்ந்தபடி விடிகிற வரை உட்கார்ந்திருந்தவரை, வாசலில் கோலம் போட வந்த எதிர்வீட்டு அக்கா பார்த்துத்தான் ஆட்டோ பிடித்தார். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னிடம் முதலில் சொன்னது இதைத்தான்: “நான் அன்னைக்கே கேட்டேனேடா.”

கேட்டிருந்தார். ஒரே கேள்வியில் விஷயத்தின் அடிமடியில் கை வைத்திருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். என் அம்மாவைப் போல நம் ஊர்களில் லட்சக்கணக்கான அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இரண்டு கம்பியில் வந்த 48 வோல்ட்

செப்புக் கம்பி லேண்ட்லைனில் சாதாரணப் போனுக்குப் பிளக் பாயிண்ட் தேவைப்பட்டதே இல்லை. நம் குரலைச் சுமந்த அதே இரண்டு கம்பிகளில்தான் போனுக்கு வேண்டிய மின்சாரமும் வந்தது. அனுப்பியது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். பழைய எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொன்றிலும் ஒரு பேட்டரி ரூம் இருக்கும். கதவைத் திறந்தால் ஆசிட் நெடி மூக்கில் ஏறும். இரண்டு வோல்ட் செல்கள் 24, ஒன்றோடொன்று கோத்து 48 வோல்ட். ஊரில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரிலுள்ள அத்தனை போனும் அந்தப் பேட்டரியில்தான் உயிரோடு இருந்தது. அது இறங்குவதற்குள் கொல்லையில் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். மணி அடிப்பதற்கென்று ஏறக்குறைய 75 வோல்ட் மாறுமின்சாரம் தனியாக வரும். லைன்மேன் கம்பத்தில் ஏறி ஒயரை முறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது அந்த நம்பருக்கு அடித்துவிட்டால் கையில் சுரீரென்று இழுக்கும்.

நாம் மாத வாடகை என்று கட்டிய பணத்தில் இதுவும் அடங்கியிருந்தது. நம் வீட்டுப் போனுக்குக் கரண்ட் கொடுப்பது போன் கொடுத்தவரின் பொறுப்பு. அப்படி ஒரு பொறுப்பு இருக்கிறது என்றே நமக்குத் தெரியாத அளவுக்கு அதைச் சத்தமில்லாமல் செய்தார்கள்.

இந்தியாவில் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் முறைப்படி திறக்கப்பட்ட நாள் 1882 ஜனவரி 28. கல்கத்தா, பம்பாய், அவற்றோடு நம் மெட்ராஸ். அதிலிருந்து நூறு வருஷம் கழித்தும் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். கடிதத் தலைப்பில் நம்பர் போட்டுப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று எழுதுவோமே, அடுத்த வீட்டுப் போன் என்று அதற்கு அர்த்தம். டிரங்க் கால் புக் செய்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அப்பாக்களின் காலம். 1984-இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கப்பட்டு, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அவர்களின் முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஏ.சி. இல்லாமலே நம் வெயிலையும் தூசியையும் தாங்கும்படி செய்யப்பட்ட 128 லைன் இயந்திரம் அது. கிராமத்துக்குக் கிராமம் டயல் டோன் போய்ச் சேர்ந்ததில் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு நாம் கழற்றிப் போடுகிற செப்புக் கம்பியைப் பற்றிப் பேசும்போது, அதைக் கொண்டுவர எத்தனை பேர் பாடுபட்டார்கள் என்பதையும் ஒரு வரி நினைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் வந்த எக்ஸ்சேஞ்ச்

இன்டர்நெட் வழிப் போன் நமக்குப் புதிதல்ல. 2002 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அதற்கு அனுமதி உண்டு. பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் அண்ணனிடம் கத்திக் கத்திப் பேசியவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். ஆனால் அதன் வழியாக இங்குள்ள சாதாரணப் போன்களோடு பேச அன்று அனுமதி இல்லை. 2018-இல்தான் அந்தக் கதவு திறந்தது. பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற பெயரில் சிம் இல்லாமலே பத்து இலக்க எண்ணோடு பேசும் சேவையைக் கொண்டுவந்தது அந்த வருஷம். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிகச் சேவையாக வந்தது. இன்டர்நெட்டோடு சேர்த்து வீட்டுப் போனும் என்ற ஏற்பாடு அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு பரவிவிட்டது.

கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். செல்போன் வந்தபிறகு தேய்ந்துகொண்டே போன லேண்ட்லைன் இணைப்புகள் 2020-இல் நாடு முழுக்கச் சுமார் 2 கோடிக்கு இறங்கிவிட்டன. அங்கிருந்து மறுபடி ஏறி, 2024 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கின்படி 3.37 கோடியைத் தாண்டின. லேண்ட்லைன் செத்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அது ஃபைபரில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். நாம் பேசும் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறார்கள். அந்த எண்களைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, வழக்கமாக நொடிக்கு 50 பொட்டலம் என்ற கணக்கில், கண்ணாடி இழை வழியே ஒளியாக அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் பிரித்து மறுபடி குரலாக்குகிறார்கள். வாட்ஸ்அப் காலும் இப்படித்தான். ஆனால் ஃபைபர் நிறுவனமே தரும் வீட்டுப் போனில் பேச்சுக்கென்று தனிப் பாதை ஒதுக்கி வைப்பார்கள். பிள்ளைகள் பக்கத்து அறையில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தாலும் நம் பேச்சு திக்காமல் போவது அதனால்.

பழைய முறையில் எக்ஸ்சேஞ்ச் செய்துகொண்டிருந்த வேலையில் பாதி இப்போது நம் வீட்டுப் பெட்டிக்கு வந்துவிட்டது. மணி அடிக்க வைப்பதும், போனுக்கு மின்சாரம் கொடுப்பதும் அதுதான். ரிசீவரை எடுத்ததும் கேட்கிற அந்தக் ‘கொய்ங்’ ஓசையை உண்டாக்குவதும் அதுதான். முன்பு டயல் டோன் கேட்டால் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அந்த ஓசை பிறப்பது நம் சுவரிலேயே. சுவரில் கரண்ட் இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சும் இல்லை.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். கண்ணாடி வழியே கரண்ட் வராது. அதை வீட்டில் இருப்பவர்தான் கொடுத்தாக வேண்டும். 48 வோல்ட் பேட்டரி ரூமை யாரும் சொல்லாமலே நம் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள், பேட்டரி இல்லாமல்.

ஃபைபரைக் குறை சொல்ல வரவில்லை. செப்புக் கேபிளுக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் ஜாயிண்ட் பச்சை பூத்துக் கரகரக்கும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. இடி மின்னல் நேரத்தில் டெலிபோன் கம்பி வழியாகவே மின்சாரம் பாய்ந்து மோடத்தையும் போனையும் கருக்கிய கதை டெல்டா மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு உண்டு. கண்ணாடியில் மின்னல் ஏறாது. செப்புக்காகக் கேபிளையே அறுத்துக்கொண்டு போகும் திருட்டும் இதில் இல்லை. எந்த ஊருக்குப் பேசினாலும் தனிக் கட்டணம் கிடையாது என்பதால் அம்மா இப்போது திருச்சியில் இருக்கும் தன் தங்கையிடம் தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறார். முன்பெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பத்திலோ வீட்டு மாடியிலோ இருக்கும் ஃபைபர் பிரிப்பான், ஸ்பிளிட்டர் என்பார்கள், அதற்கு மின்சாரமே தேவையில்லை. ஒரு ஒளியை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுப்பது வெறும் கண்ணாடி வேலை. ஆகவே அந்தப் பக்கம் நிறுவனத்தின் அறையில் பேட்டரி இருந்து, இந்தப் பக்கம் நம் பெட்டிக்கும் ஒரு பேட்டரி இருந்தால், நடுவில் ஊரே இருண்டு கிடந்தாலும் போன் பேசும். குறை ஃபைபரில் இல்லை. கடைசி ஒரு முழத்தில், அடாப்டரும் பிளக்கும் சேரும் இடத்தில் இருக்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்தன

இங்கிலாந்தில் நடந்ததை நம் ஊர் அதிகாரிகள் கவனிக்க வேண்டும். 2025 டிசம்பருக்குள் பழைய டெலிபோன் வலையை மொத்தமாக மூடிவிடுவோம் என்று நாள் குறித்து வேலையைத் தொடங்கினார்கள். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டிஜிட்டல் போனுக்கு மாறியிருந்தால் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி பெரிதாக எழுந்து, 2022 மார்ச்சில் அந்த நாட்டுப் போன் நிறுவனமான பி.டி. மாற்றும் வேலையை நிறுத்தி வைத்தது.

அங்கே தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்துவிட்டால் அழுத்தினால் போதும், லேண்ட்லைன் வழியாக உதவி மையத்துக்குச் செய்தி போகும். ஏறக்குறைய 18 லட்சம் பேர் அதை நம்பியிருக்கிறார்கள். டிஜிட்டலுக்கு மாற்றியபின் சிலருடைய பொத்தான் வேலை செய்யாமல் போய்ப் பெரிய விபரீதங்கள் நடந்தன. 2023 டிசம்பரில் அரசாங்கம் போன் நிறுவனங்களை அழைத்துப் பேசி, கட்டாயமாக மாற்றுவதை நிறுத்தச் சொன்னது. மூடுவிழா 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிப்போனது. வீட்டுப் போனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணுக்குப் பேச வழி செய்து தர வேண்டும் என்பது அங்கே ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஒரு மணி நேரம் போதுமா என்று அங்கே சண்டை நடக்கிறது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் 2015-இல் விதி கொண்டுவந்தார்கள். இந்த மாதிரிப் போன் விற்பவர், கரண்ட் போனால் பேச முடியாது என்பதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. விரும்புகிறவருக்கு 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 2019-இல் அதை 24 மணி நேரமாக உயர்த்தினார்கள். 2025 வரை அந்த விதி நடப்பில் இருந்தது. ஜப்பான் வேறு வழியில் போனது. 2024 ஜனவரியிலிருந்து அவர்கள் எக்ஸ்சேஞ்சுகளின் உள்வேலையை இன்டர்நெட் முறைக்கு மாற்றினார்கள், ஆனால் வீட்டுக்கு வரும் செப்புக் கம்பியை அப்படியே விட்டுவைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் போனை மாற்ற வேண்டியதுகூட இல்லை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்குப் புயல்கூட வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மதியமோ சாயங்காலமோதான் வரும். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும் பகல் நேரம் அது. முன்பு அந்த நேரத்திலும் லேண்ட்லைன் பேசும். இப்போது பேசாது.

“எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான், அம்மா வீட்டிலும் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைனை ஹால் ஃபேனுக்கும் ட்யூப்லைட்டுக்கும்தான் கொடுத்திருப்பார்கள். ஃபைபர் பெட்டி எந்தப் பிளக்கில் சொருகியிருக்கிறதோ அதற்கு அந்த லைன் வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் வரவில்லை. நான்கடி தள்ளியிருந்த ஸ்விட்ச் போர்டில் வந்தது. பெட்டியை நான்கடி தள்ளி மாட்டியிருந்தால் அம்மா அந்த ராத்திரி எனக்குப் பேசியிருப்பார். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு மினி யு.பி.எஸ். என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. உள்ளங்கை அளவுதான். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் அதைச் சேர்த்துவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். வாங்குவதற்கு முன் பழைய அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், எல்லாவற்றிலும் அப்படி இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அதன் பேட்டரி தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

கார்ட்லெஸ் போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் அடிப்பலகைக்கும் கரண்ட் வேண்டும். பெட்டிக்கு யு.பி.எஸ். வைத்துவிட்டுப் போனுக்கு வைக்காவிட்டால் பலன் இல்லை. ஒயர் வைத்த சாதாரணப் போன் ஒன்றைச் சேர்த்து மாட்டிவிடுவது நல்லது. அப்பா காலத்துச் சுழற்றும் போனை இன்னும் துடைத்து வைத்திருப்பவர்கள் வருத்தப்படலாம். பல பெட்டிகளில் அதில் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் சுழற்றி நம்பர் போட்டால் போகாது. மாடியிலும் சமையலறையிலும் பேரலல் போன் வைத்திருந்தவர்கள் பழைய உள் ஒயரிங்கையே பயன்படுத்தலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய கம்பியை முதலில் கழற்றிவிட்டுத்தான் பெட்டியோடு சேர்க்க வேண்டும். போட வருகிற தம்பியிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நம்பர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். செல்போனில் நிறுவனம் மாறினாலும் நம்பரைக் கொண்டுபோகும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இங்கே வரவில்லை. அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறினால் பழைய நம்பர் பெரும்பாலும் தொடரும். வேறு நிறுவனத்துக்குப் போனால் புது நம்பர்தான். முப்பது வருஷமாக உறவுகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நம்பர் அது. வங்கியில், காஸ் ஏஜென்சியில், எங்கோ ஒரு பழைய பாலிசியில் அந்த நம்பர் இருக்கும். பழைய இணைப்பைச் சரண்டர் செய்யும் முன் இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம்.

உள்ளூர் கேபிள்காரர் மூலம் இணைப்பு எடுக்கிறவர்கள், அவருடைய அறையில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் நாலு மணி நேரத்துக்கு யு.பி.எஸ். வைத்து, அவர் அறையில் அரை மணி நேரத்தில் எல்லாம் அணைந்துவிட்டால் பயனில்லை. நடுவில் கரண்டில் ஓடும் ஸ்விட்ச் பெட்டி ஏதாவது யார் வீட்டு மாடியிலாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

இத்தனையும் வாடிக்கையாளரே செய்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு உடன்பாடில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கம்பெனியின் கடமையாக இருந்த ஒன்று, தொழில்நுட்பம் மாறியது என்பதற்காக ஒரு அறிவிப்புக்கூட இல்லாமல் 78 வயதுப் பெண்மணியின் தலையில் வந்து விழக்கூடாது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பேட்டரியை மொத்தமாக வாங்குகிற நிறுவனத்தால் இன்னும் குறைவாக வாங்க முடியும். போன் வசதியோடு ஃபைபர் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும், குறைந்தது அறுபது வயதைத் தாண்டியவர் பெயரில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும், பெட்டியோடு பேட்டரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று டிராய் விதிக்கலாம். அது முடியும்வரை, கரண்ட் போனால் இந்தப் போன் வேலை செய்யாது என்ற ஒரு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பெட்டியின் மேல் ஒட்டச் சொல்லலாம். அந்த ஒரு வரி ஒட்டியிருந்தால் எங்கள் வீட்டு ஹாலில் நானே அதைப் படித்திருப்பேன்.

அம்மா வீட்டில் இப்போது பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மினி யு.பி.எஸ். போனும் ஒயர் வைத்த சிவப்புப் போன். செல்போன் நம்பருக்கு அடிக்கும்போது முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்பதை, 2021 ஜனவரியிலிருந்து அதுதான் விதி, போனின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். போன மாதப் பராமரிப்பு நாளில் காலை பதினோரு மணிக்கு ஆபீசில் இருந்தபோது 04364 நம்பரிலிருந்து போன் வந்தது. “கரண்ட் இல்ல. பேசுது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவுக்குப் பழம், மாத்திரை வாங்கிக்கொண்டு போவீர்கள். போனதும் மெயின் ஸ்விட்சை ஒரு நிமிஷம் அணைத்து, வீட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். ஓசை வரவில்லையென்றால், அதைச் சரி செய்யாமல் திரும்பி வராதீர்கள்.